கம்யூனிட்டி காலேஜுக்கு நிதி திரட்டுவது எப்படி? அறக்கட்டளை, ஊர்த்தொடர்பு, நிறுவனக் கூட்டு: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் ஊரின் கம்யூனிட்டி காலேஜ், தன் அறக்கட்டளைக் குழுவில் சேரும்படி உங்களை அழைத்திருக்கலாம். அல்லது அங்கேயே வேலை பார்க்கும் உங்களிடம், நிதி திரட்டும் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் உங்களுக்குக் கீழே பெரிய படை இருக்காது. பெரிய பல்கலைக்கழகங்களில் நன்கொடைக்கென்றே தனித் துறை இயங்கும். இங்கே ஓர் இயக்குநர், பகுதிநேர உதவியாளர் ஒருவர், மனமுள்ள குழு உறுப்பினர்கள் சிலர் என்றுதான் பல கல்லூரிகளில் நிலைமை. அங்கிருந்து தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலினாய் மாநிலம் ஜோலியட்டில் 1901-ல் தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இன்றும் இயங்கும் பொதுக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-ல் தந்த அறிக்கைக்குப் பிறகு இந்தப் பெயரும் கருத்தும் நாடெங்கும் பரவின. இன்று சுமார் ஆயிரம் கல்லூரிகள் உள்ளன. கட்டணம் குறைவு, வடிகட்டாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். செவிலியர், வெல்டர், பாராமெடிக், ஏசி மெக்கானிக் என்று ஊர் தினமும் நம்பியிருக்கும் பலர் இங்கிருந்துதான் வருகிறார்கள். ஆனால் நன்கொடை மட்டும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் பக்கமே போகிறது. இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போனவரை அந்தப் பல்கலைக்கழகம் தன் பிள்ளையாகக் கொண்டாடுகிறது. ஊர்க்காரர்களோ, அரசும் கவுண்டி வரியும் கல்லூரியைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறார்கள்.

நிதி திரட்டல், ஊர்த்தொடர்பு, நிறுவனக் கூட்டு என்று மூன்று கோப்புகளாகப் பிரித்து மூன்று பேரிடம் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அங்கேதான் வேலை கெடுகிறது என்பது என் உறுதியான கருத்து. படிப்பைப் பாதியில் விடும் நிலையில் நிற்கும் மாணவருக்கு என்ன குறைகிறது என்பதை ஊருக்குத் தெரியப்படுத்துவதுதான் மூன்றிலும் நடக்கவேண்டிய வேலை. அது தெரிந்த ஊரில் பணம் கேட்பது அத்தனை கடினமில்லை.

படி 1: முதலில் கல்லூரிக்குள் விசாரியுங்கள்

நன்கொடையாளர் பட்டியலைத் திறப்பதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் உட்காருங்கள். பதிவாளர், ஆலோசகர்கள், நூலகர், இரவு வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். கேட்கவேண்டியவை இவை: சிறு தொகை பாக்கிக்காகப் பதிவு நிறுத்திவைக்கப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர்? கடைசிப் பருவத்தில் காணாமல் போனவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? எந்தப் பாடப்பிரிவில் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள், அங்கே தடையாக இருப்பது ஆசிரியரா, கருவியா, மருத்துவமனைப் பயிற்சி இடமா?

டெக்சஸின் அமரில்லோ காலேஜ் தன் மாணவர்களிடம் இப்படித்தான் கேட்டது. படிப்புக்குத் தடையாக மாணவர்கள் முதலில் சொன்னவற்றில் கணக்கும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வண்டி ஓடவில்லை, வாடகை கட்டவில்லை, சாப்பாடு போதவில்லை என்றார்கள். உணவுப்பொருள் வழங்குதல், அவசர உதவி, சமூகப்பணியாளர் சேவை ஆகியவற்றை ஒரே மையத்தில் சேர்த்துக் கல்லூரி பதில் சொன்னது. 2021-ல் பெருங்கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் எந்த நிபந்தனையும் இல்லாமல் அந்தக் கல்லூரிக்குப் பெருந்தொகை தந்தார். 2023-ல் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான ஆஸ்பென் பரிசைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்கணக்காக ஒரே பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப வெளியே சொன்ன கல்லூரி அது என்பதை மறக்கவேண்டாம்.

இந்த விசாரணையின் முடிவில் உங்கள் கையில் ஒரு பக்கம் இருக்கவேண்டும். இன்ன தேவை, இத்தனை மாணவர், ஒருவருக்கு இவ்வளவு செலவு. அந்தப் பக்கம் தயாராகும்வரை யாரிடமும் பணம் கேட்காதீர்கள்.

படி 2: அறக்கட்டளையைச் சட்டப்படி ஒழுங்குபடுத்துங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் நன்கொடை பெறுவது கல்லூரி அல்ல, அதற்கென அமைந்த 501(சி)(3) அறக்கட்டளை, அதாவது வரிவிலக்கு பெற்ற லாபநோக்கற்ற அமைப்பு. அறக்கட்டளைக்குத் தனிக் குழு, தனிக் கணக்கு உண்டு. ஆண்டுதோறும் வருமானவரித் துறையிடம் படிவம் 990 தாக்கல் செய்யவேண்டும். அந்தப் படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. பெரிய நன்கொடையாளர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைச் சந்திக்கவே வருவார்கள். கல்லூரிக்கும் அறக்கட்டளைக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, ஊழியர் சம்பளத்தை யார் தருகிறார்கள், நன்கொடையாளர் விவரம் யாருடையது என்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் நன்கொடை கேட்பதற்கே முன்பதிவு தேவை. குலுக்கல் பரிசுச் சீட்டு நடத்த நினைத்தால் மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு சீட்டைக்கூட அச்சடிக்கவேண்டாம்.

ரசீது விஷயத்தில் சில எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ தந்தவர் வரிக்கழிவு கோர, உங்களிடமிருந்து எழுத்துமூல ஒப்புகை வேண்டும். விருந்து, டிக்கெட் என்று பதிலுக்கு ஏதாவது கொடுத்து 75 டாலருக்கு மேல் பெற்றால், அந்த விருந்தின் மதிப்பு எவ்வளவு, கழிவுக்கு உரியது எவ்வளவு என்று நீங்கள் எழுதித் தரவேண்டும். வெல்டிங் இயந்திரம் போன்றவை பொருளாக வந்தால் அதன் மதிப்பை நீங்கள் எழுதாதீர்கள். பொருளை விவரித்தால் போதும். மதிப்பிடுவது கொடுத்தவர் பொறுப்பு. 500 டாலருக்கு மேல் கழிவு கோரினால் அவர் படிவம் 8283 இணைக்கவேண்டும். 5,000 டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும்.

எதை ஏற்போம், எதை மறுப்போம் என்ற கொள்கையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழுதான இயந்திரத்தைக் கல்லூரிக் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போக நினைப்பவர்களிடம், அந்தக் காகிதத்தைக் காட்டி மறுப்பது எளிது.

படி 3: யாரிடம் போவது

ஊரின் பணக்காரர் பட்டியல் உங்களுக்குத் தேவையில்லை. கல்லூரியை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

முதலில் கல்லூரி ஊழியர்கள். சம்பளத்திலிருந்து மாதம் ஐந்து, பத்து டாலர் பிடித்தம் செய்யச் சம்மதிக்கிறவர்களின் எண்ணிக்கைதான் வெளியே உங்கள் மதிப்பு. தொகையின் அளவு ஒரு பொருட்டே அல்ல. உங்கள் ஊழியர்கள் எத்தனை பேர் தருகிறார்கள் என்று நிதிநல்கை அமைப்புகள் கேட்கும். குழு உறுப்பினர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரே நல்ல பதில், எல்லோரும் என்பது. ஆகவே குழுவில் சேர்ந்தவுடன், உங்களால் முடிந்த தொகையை முதலில் நீங்கள் கொடுங்கள்.

அடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இவர்களைப் பல கல்லூரிகள் மறந்தே போகின்றன. முப்பது ஆண்டு அங்கே கற்பித்தவருக்கு அந்தக் கல்லூரிதான் வாழ்க்கை. 70½ வயது கடந்தவர்கள் தங்கள் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேராக அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாம். அந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்படாது. 2025-ல் அதன் ஆண்டு உச்சவரம்பு 108,000 டாலராக இருந்தது. கட்டாயமாகப் பணம் எடுத்தே ஆகவேண்டிய வயதில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அவர்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

பழைய மாணவர்கள் மூன்றாவது. பட்டம் பெற்றவர் மட்டும் பழைய மாணவர் என்று எண்ணாதீர்கள். இரண்டு பாடம் எடுத்துவிட்டு வேலை மாறியவரும் உங்கள் மாணவரே. இவர்களின் முகவரி பெரும்பாலும் கல்லூரியிடம் இருக்காது. ஒவ்வொரு பாடப்பிரிவின் மூத்த ஆசிரியரிடமும், உங்கள் மாணவர்களில் இப்போது சொந்தத் தொழில் நடத்துபவர்கள் யார் என்று கேளுங்கள். ஆட்டோமோட்டிவ் ஆசிரியர் நின்ற இடத்திலேயே பத்துப் பெயர் சொல்வார்.

பிறகுதான் ஊர் வங்கிகள், மருத்துவமனை, மின் நிறுவனம், ரோட்டரி சங்கம், கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் எல்லாம். கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1914-ல் கிளீவ்லாந்தில் தொடங்கி நாடெங்கும் பரவியது. தன் பெயரில் அங்கே கணக்கு வைத்து அதிலிருந்து பரிந்துரைத்துப் பணம் தருபவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். அப்படி வரும் பணத்துக்கு வரி ரசீது தரக்கூடாது. ஏனெனில் கழிவை அவர்கள் முன்பே பெற்றுவிட்டார்கள். நன்றிக் கடிதம் மட்டும் போதும். அந்தப் பணத்தில் விருந்து டிக்கெட்டும் தரக்கூடாது.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் வேலை பார்க்கும் நிறுவனங்கள், ஊழியர் தரும் நன்கொடைக்கு இணையாகத் தாமும் தருகின்றன. சில நிறுவனங்கள் தன்னார்வமாக உழைத்த நேரத்துக்கும் பணம் தருகின்றன. விண்ணப்பம் போடாததால் அந்தப் பணம் வீணாகிறது. உங்கள் அலுவலகத்தின் இணைநன்கொடைப் பட்டியலில் கல்லூரி அறக்கட்டளையைச் சேர்க்கவைப்பது சின்ன வேலை.

2026 வரியாண்டு முதல், நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) எடுப்பவர்களும் பணமாகத் தரும் நன்கொடைக்குத் தனியாக 1,000 டாலர்வரை, கூட்டாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர்வரை கழித்துக்கொள்ளலாம். சிறு நன்கொடையாளர்களை நம்பியிருக்கும் கம்யூனிட்டி காலேஜ்கள் இதை ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லவேண்டும்.

படி 4: கேட்கும் முறை

பலருக்கு இதில்தான் தயக்கம். நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பிறரிடம் கைநீட்டக்கூடாது என்றே வளர்ந்தவர்கள் நாம். உங்களுக்காகக் கேட்கவில்லை என்பது மனத்தில் பதிந்துவிட்டால் குரல் தானாக நேராகும்.

முதல் சந்திப்பில் பணம் பேசவேண்டாம். கேள்வி கேளுங்கள். மருத்துவமனை நிர்வாகியைப் பார்க்கப் போனால், "உங்கள் செவிலியர்களில் எங்களிடம் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கலாம். அவருக்கே சரியாகத் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்பார். விசாரிக்கும்போது உங்கள் வேலையில் பாதியை அவர் செய்துவிடுவார். இரண்டாம் சந்திப்பைக் கல்லூரியிலேயே வையுங்கள். ஆய்வகத்தைக் காட்டுங்கள், வகுப்பு நடக்கும் நேரமாகப் பாருங்கள். மாநாட்டு அறையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டுவதால் யாரும் மனம் மாறிப் பார்த்ததில்லை.

மூன்றாவதாகக் கேளுங்கள். தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்பது பணிவாகத் தெரியும், ஆனால் எதிரில் இருப்பவரைச் சங்கடத்தில் விடும். "செவிலியர் பிரிவில் கடைசிப் பருவ மாணவர்கள் இருபது பேருக்கு உரிமத் தேர்வுக் கட்டணம் கட்ட நிதி தேடுகிறோம். அதில் பத்துப் பேரை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் யோசிக்கும் அந்த அமைதியை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள். பதற்றத்தில் நாமே தொகையைக் குறைத்துச் சொல்வது அந்த நேரத்தில்தான்.

மறுத்தால், எது பொருந்தவில்லை என்று கேளுங்கள்: காரணமா, தொகையா, காலமா? பெரும்பாலும் காலமாகத்தான் இருக்கும். நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த செவ்வாயன்று வரும் கிவிங் டியூஸ்டே 2012-ல் தொடங்கியது. சிறு நன்கொடைக்கு அது நல்ல நாள்தான், ஆனால் அன்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆண்டு விருந்து நிகழ்ச்சியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஊழியர்களின் மூன்று மாத உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் பல விருந்துகள் நட்டம். ஊரார் கூட ஒரு நாள் வேண்டுமென்றால் நடத்துங்கள், நிதியின் முதுகெலும்பாக அதை வைக்காதீர்கள்.

படி 5: ஊருக்குள் போங்கள்

கல்லூரிக்கு வராதவர்களிடம் கல்லூரி போகவேண்டும். உயர்நிலைப்பள்ளிக்கு எல்லோரும் போவார்கள். அதோடு நிற்காமல் பொதுநூலகம், உணவு வங்கி, வேலைவாய்ப்பு மையம், தேவாலயம், கோயில், மசூதி, துணி துவைக்கும் கடை என்று போங்கள். பாதியில் படிப்பை விட்ட பெரியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பும் மாலைநேர உதவி முகாம் ஒன்று நடத்தினால் பத்து விளம்பரத்துக்குச் சமம். 2025-26-ல், வருமானம் குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்தின் உச்சத் தொகை 7,395 டாலர். தகுதியிருந்தும் படிவத்தைப் பார்த்து மிரண்டு விட்டுவிடும் குடும்பங்கள் எத்தனையோ. ஊரில் பேசப்படும் மொழிகள் தெரிந்த மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து முகாமில் அமர்த்துங்கள். தன்னார்வமாகச் செய்யச் சொல்லாதீர்கள், அவர்களுக்கும் வாடகை இருக்கிறது.

ஊர்த்தொடர்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டென்னசியைப் பாருங்கள். நாக்ஸ் கவுண்டியில் 2008-ல் உள்ளூர் நன்கொடையோடு ஒரு சிறு திட்டம் தொடங்கியது. பள்ளி முடிக்கும் மாணவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தில் மற்ற உதவிகள் போக மீதியைத் தருவது, கூடவே ஊரார் ஒருவரை வழிகாட்டியாக இணைப்பது, அவ்வளவுதான். அதை முன்மாதிரியாகக் கொண்டு 2014-ல் டென்னசி பிராமிஸ் சட்டமானது. 2015-ல் பள்ளி முடித்தவர்கள் முதல் அணி. வழிகாட்டியாக வந்த தன்னார்வலர்கள் நன்கொடை எதுவும் தராதவர்களாகவே இருக்கட்டும். ஒரு மாணவரைக் கையோடு அழைத்துச் சென்றவர், கல்லூரிக்காக மாநிலச் சட்டமன்றத்தில் பேசவும் வருவார்.

மாணவர் கதைகளைச் சொல்லும்போது கவனம் வேண்டும். 1974-ன் ஃபெர்பா சட்டப்படி மாணவரின் கல்விப் பதிவுகள் அவர் அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. எழுதி வாங்குங்கள். ஆனால் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தன் வறுமையைச் சொல்லி மேடையில் அழவேண்டிய நிலைக்கு எந்த மாணவரையும் கொண்டுபோகாதீர்கள். தான் கற்றதை, செய்துகாட்டக்கூடியதை அவர் பேசட்டும்.

படி 6: நிறுவனங்களோடு கூட்டு

கூட்டு என்றதும் கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கையெழுத்துக்கு அடுத்த நாள் யார் என்ன செய்வார்கள் என்று எழுதப்படாத ஒப்பந்தம் வெறும் காகிதம்.

ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் ஆலோசனைக் குழு இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலைவதாகவே பல இடங்களில் அது இருக்கிறது. தொழிற்கல்விக்கு மத்திய அரசின் நிதி தரும், 2018-ல் வந்த பெர்க்கின்ஸ் சட்டம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையை முறையாக மதிப்பிடச் சொல்கிறது. அதில் தொழில் நிறுவனங்களைக் கலந்துபேசவேண்டும். அதைக் கடமைக்குச் செய்யாமல் நிறுவனங்களோடு உண்மையாகப் பேசும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாணவரிடம் என்ன குறை, எந்த இயந்திரத்தில் பயிற்சி வேண்டும், அடுத்த மூன்று ஆண்டில் எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மேனேஜரைவிடத் தளத்தில் நிற்கும் சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்வார்.

கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா ஆலையும் புளூகிராஸ் கம்யூனிட்டி அண்ட் டெக்னிகல் காலேஜும் 2010-ல் தொடங்கிய ஃபேம் திட்டம் நல்ல முன்மாதிரி. மாணவர் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில், மூன்று நாள் ஆலையில் சம்பளத்தோடு வேலையில். பிற நிறுவனங்களும் சேர்ந்து அது பல மாநிலங்களுக்குப் பரவியது. 2019-ல் அதை நடத்தும் பொறுப்பை மேனுஃபாக்சரிங் இன்ஸ்டிட்யூட் ஏற்றது. பல நிறுவனங்கள் சேர்ந்தது முக்கியம். ஒரே நிறுவனத்துக்கென்று பாடத்தைத் தைத்துவிட்டால், அந்த ஆலை மூடும் நாளில் மாணவரின் சான்றிதழுக்கும் மதிப்பு போய்விடும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்: பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம், பட்டத்தில் சேரும் கிரெடிட், வேறு நிறுவனத்திலும் செல்லும் சான்று.

பணம் தர முடியாத சிறு நிறுவனங்களிடம் வேறு வழி உண்டு. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் தரும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர்வரை, அதற்கான எழுத்துமூலத் திட்டம் இருந்தால், ஊழியருக்கு வரியில்லை. அந்தத் திட்டத்தை எழுத உதவுங்கள். பயிற்சி இடம், ஒரு மாலை வகுப்பெடுக்கும் அனுபவசாலி, பழைய மாதிரி ஆனால் ஓடும் நிலையிலுள்ள இயந்திரம் ஆகியவற்றையும் கேளுங்கள்.

2026 ஜூலை 1 முதல், எட்டு வாரத்திலிருந்து பதினைந்து வாரத்துக்குள் முடியும் சில தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் மானியம் கிடைக்க 2025-ன் சட்டம் வழிசெய்கிறது. முடிப்பவர் விகிதமும் வேலை பெறுபவர் விகிதமும் 70 சதவீதம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. வேலை தரும் நிறுவனம் உறுதியாக இல்லாத பயிற்சி இதில் நிற்காது. இன்று நீங்கள் கட்டும் கூட்டுதான் நாளை மாணவருக்கு மானியமாகும்.

படி 7: வந்த பணத்தைப் பிரிப்பது

பலரும் தங்கள் பெயரில் நிரந்தர நிதி வைக்க விரும்புவார்கள். கணக்கைப் பாருங்கள்: ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால், 25,000 டாலர் முதலீடு தருவது 1,000 டாலர். நிரந்தர நிதி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவசர உதவி நிதி வெறுமையாக இருக்கும்போது எல்லாவற்றையும் முதலீட்டில் பூட்டுவது தவறு. நன்கொடையாளரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: பெரும்பகுதி நிரந்தர நிதிக்கு, ஒரு பகுதி இந்த ஆண்டே செலவாகும்படி.

எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு நியூயார்க்கின் கியூனி பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய அசாப் திட்டம் பதில் தருகிறது. கட்டணத்தில் மீதி, பாடநூல், பேருந்து ரயில் அட்டை, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். பயணச் சீட்டுக்கா நன்கொடை என்று தயங்குபவரிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். யாருக்கு உதவித்தொகை என்பதை நன்கொடையாளர் தானே முடிவு செய்யக்கூடாது. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கென்று தந்தால் வரிக்கழிவு போய்விடும். அடுத்தது, எந்த உதவித்தொகையையும் நிதியுதவி அலுவலகத்தோடு பேசிவிட்டு வழங்குங்கள். வெளியிலிருந்து வரும் பணத்தால் மாணவரின் மற்ற உதவி குறைந்துபோவதுண்டு. அப்படி ஆனால் மாணவர் கையில் கூடுதலாக ஒரு காசும் சேராது.

படி 8: திரும்பச் சொல்லுங்கள்

நன்கொடை வந்த இரண்டு நாளுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாரத்துக்குள் கடிதம். ஆண்டு முடிவில், அந்தப் பணம் என்ன ஆனது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் அடுத்த பருவத்தில் தொடர்ந்தார்கள். தொடராதவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அதைப் படித்த நன்கொடையாளர் விலகுவார் என்று பயப்படவேண்டாம். உண்மையைச் சொல்லும் அமைப்பு என்று உங்கள்மேல் நம்பிக்கை கூடும்.

நிரந்தர நிதி ஒப்பந்தங்களில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்: குறிப்பிட்ட பாடப்பிரிவு மூடப்பட்டால், அதற்கு நெருக்கமான வேறு நோக்கத்துக்குக் குழு நிதியை மாற்றலாம். இந்த வாக்கியம் இல்லாவிட்டால், இல்லாத பாடப்பிரிவின் பெயரில் செலவழிக்க முடியாமல் பணம் முடங்கிக் கிடக்கும். கடைசியில் நீதிமன்றம் வரை போகவேண்டி வரலாம். பிரிவை மூட முடிவெடுத்த அன்றே நன்கொடையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ நீங்களே போன் செய்யுங்கள்; செய்தித்தாளில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். அடுத்த வேண்டுகோளை அந்த அழைப்பில் வைக்கவேண்டாம். குறைந்தது ஒரு பருவமாவது போகட்டும்.